சுருள்மயிர்ப் பூனையின் தோலில் பிசுபிசுப்பும் நாற்றமும்: உதவி தேவை

ஹட்டனிலிருந்து கேள்வி:
வணக்கம். ‘கோர்னிஷ் ரெக்ஸ்’ என்று சொல்லி விற்கப்பட்ட இரண்டு வயதுப் பெட்டைப் பூனை எங்களிடம் இருக்கிறது. தென்மேல் பருவமழை தொடங்கியதிலிருந்து அதன் மேல் முழுவதும் பிசுபிசுக்கிறது. நகங்களின் அடியிலும் காதுகளிலும் மண்ணிறப் பசை படிகிறது. கக்கத்தை ஓயாமல் நக்குகிறது, கிட்டப் போனால் புளித்த மாவைப் போல் மணக்கிறது. மீசைமயிர்கள் குட்டையாக ஒடிந்திருப்பதும் நோய்தானா? மாமியார் தேங்காய் எண்ணெய் தடவச் சொல்கிறார். தடவலாமா?

கண்டியிலிருந்து பதில்:
சகோதரி, காதுகள் மிகப் பெரிதாகவும் தாழ்வாகவும் அமைந்து, கன்ன எலும்பு அகன்று, மூக்கு குட்டையாக இருந்தால் அது பெரும்பாலும் டெவன் ரெக்ஸ்தான். ஒடிந்த மீசை அந்த இனத்தின் இயல்பு. கோர்னிஷ் ரெக்ஸ் 1950இல் இங்கிலாந்தின் கோர்ன்வாலில் தோன்றியது, டெவன் ரெக்ஸ் 1960இல் டெவனில் தோன்றியது. இரண்டின் சுருளுக்கும் காரணமான மரபணுக்கள் வேறு. இதை நான் வீணுக்குச் சொல்லவில்லை: மலசீசியா என்ற ஈஸ்ட் (ஒருவகைப் பூஞ்சை) டெவன் ரெக்ஸின் தோலில் மற்றப் பூனைகளை விட அதிகமாகக் குடியிருப்பது ஆய்வுகளில் தெரிந்த விடயம், கோர்னிஷில் அப்படியில்லை. இலேசான எண்ணெய்ப்பசை இந்த இனத்துக்கு வழக்கமானதே. ஆனால் நாற்றமும் அரிப்பும் நகப்பசையும் சேர்ந்துவிட்டால் ஈஸ்ட் பெருகிவிட்டது என்றே சந்தேகிக்க வேண்டும். கொழுப்பை உண்டு வளரும் அந்த ஈஸ்டுக்குத் தேங்காய் எண்ணெய் தீனியாகிவிடும், ஆகவே தடவ வேண்டாம். டீ ட்ரீ எண்ணெய் கலந்தவையும் நாய்க்கான, பெர்மெத்ரின் என்ற பூச்சிகொல்லி கலந்த தெள்ளு மருந்துகளும் பூனைக்கு நஞ்சு.

நுவரெலியாவிலிருந்து பதில்:
மிருக வைத்தியர் தோலில் ஒட்டுநாடாவை ஒட்டியெடுத்து நுணுக்குக்காட்டியில் பார்த்தாலே ஈஸ்ட் தெரிந்துவிடும். படர்தாமரை இல்லை என்பதையும் உறுதிசெய்யுங்கள், அது வீட்டிலுள்ளவர்களுக்கும் தொற்றும். குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிகொல்லியும் மைக்கோனசோல் என்ற பூஞ்சைகொல்லியும் சேர்ந்த ஷாம்புவை அவர் தந்தால், நுரையைப் பத்து நிமிடம் தோலில் ஊறவிட்டுக் கழுவுங்கள். அவசரப்பட்டுக் கழுவினால் பலன் குறையும். எங்கள் பக்கத்தில் பெரிய பாடு காயவைப்பதுதான். மூடுபனி இறங்கிய பின் குளிப்பாட்டினால் கக்கமும் விரலிடுக்கும் இரவு வரை ஈரமாகவே இருக்கும், ஆகவே வெயில் முகம் காட்டும் முற்பகலில் குளிப்பாட்டி, துவாயால் தேய்க்காமல் ஒற்றியெடுங்கள். தேய்த்தால் அந்த மெல்லிய மயிர் ஒடிந்து கொட்டும். மயிர் குறைவாதலால் இவை எளிதில் குளிர்ந்துபோய் விறகடுப்பை ஒட்டிப் படுக்கும், அடுப்படிக் கதவைச் சாத்தி வையுங்கள். துணி சுற்றிய சுடுநீர்ப் போத்தல் போதும்.

கேட்டவர்:
மிக்க நன்றி. காதும் மூக்கும் நீங்கள் சொன்னபடியேதான் இருக்கின்றன. ரயிலில் பேராதனைக்கு, பல்கலைக்கழக மிருக வைத்தியசாலைக்குக் கொண்டுபோக எண்ணுகிறோம். அதற்கு முன் ஒருமுறை குளிப்பாட்டிவிடலாமா?

கண்டியிலிருந்து:
வேண்டாம். குளிப்பாட்டினாலோ காதைத் துடைத்தாலோ வைத்தியர் பார்க்க வேண்டியது கழுவப்பட்டுவிடும்; நாற்றத்தோடேயே கொண்டுபோங்கள். கூட்டின் மேல் தடித்த துணியொன்றைப் போர்த்துங்கள், காற்றுப் போக ஒரு பக்கத்தைத் திறந்து விடுங்கள்.