வேலைக்குத் திரும்பும் தாய், புட்டியை மறுக்கும் குழந்தை: ஆலோசனை தேவை
வணக்கம். பேறுகால விடுப்பு முடிந்து விரைவில் பணிக்குத் திரும்பவிருக்கும் நிலையில், ஐந்து மாதம் நிரம்பிய என் மகள், மார்பில் நன்றாகப் பால் குடித்தாலும், பிழிந்தெடுத்த பாலைப் புட்டியில் கொடுத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். பாலை அறை வெப்பத்தில் 4 மணி நேரமும் குளிர்சாதனப் பெட்டியில் 4 நாட்களும் வைத்திருக்கலாம் என்பதை அறிவேன். ஆனால் உறையவைத்து எடுத்த பாலில் சோப்பு வாடை வீசுகிறது. லிப்பேஸ் என்னும் நொதி கொழுப்பைச் சிதைப்பதால் வரும் இவ்வாடை தீங்கற்றதுதான் என்றாலும், அந்த விளக்கம் அவளிடம் செல்லுபடியாகவில்லை. பிழிந்தவுடன் பாலைக் கொதிக்கவிடாமல் சூடாக்கி, உடனே குளிர்வித்து உறையவைத்தவர்கள் எவரேனும் இருந்தால், அது பலன் தந்ததா எனத் தெரிவியுங்கள். புட்டியை விட்டுச் சிறு கிண்ணத்தில் புகட்டப் பழக்கலாமா, நான் அருகில் இல்லாதபோது வேறொருவர் கொடுத்தால் ஏற்றுக்கொள்வாளா என்பதையும் அறிய விரும்புகிறேன். பால்மாவுக்கு மாறச் சொல்லும் அறிவுரைகள் ஏற்கெனவே போதுமான அளவு கிடைத்துவிட்டன.