வேலூர் சத்துவாச்சாரி வீட்டை விற்கிறேன், இப்போது அங்கே குடியில்லை: மூலதன ஆதாய வரி எவ்வளவு வரும்?

சத்துவாச்சாரிக்காரர்:
மனை 1,200 சதுர அடி. 2004-05-இல் பத்திரச் செலவோடு ரூ.2,70,000. கீழ்வீடு 2005-06-இல் கட்டியது, 9 லட்சம். மாடி 2012-13-இல், 7 லட்சம். 2019 வரை நாங்களே இருந்தோம். பிறகு சென்னைக்கு வந்துவிட்டோம், வீடு வாடகையில் இருக்கிறது. 62 லட்சத்துக்கு விலை பேசியாச்சு. 2026 ஜனவரியில், தை பிறந்ததும் பதிவு. தரகு 60,000. அமெரிக்காவில் இருக்கும் மகன், "கடைசி ஐந்து வருஷத்தில் இரண்டு வருஷம் குடியிருந்தால்தான் விலக்கு" என்கிறான். சரியா? காட்பாடிப் பக்கம் ஒரு மனை வாங்கிப் போட்டால் வரி தப்புமா? வயது 66, பென்ஷன் தவிர வேறு வருமானம் இல்லை.

கணக்குப்பிள்ளை:
மகன் சொல்வது அமெரிக்கச் சட்டம். இங்கே வருமான வரிச் சட்டத்தின் 54-ஆம் பிரிவு (விற்ற லாபத்தை வேறு வீட்டில் போட்டால் விலக்கு தருவது) நீங்கள் குடியிருந்தீர்களா என்று கேட்பதே இல்லை. குடியிருப்பு வீடாக இருக்க வேண்டும், 24 மாதத்துக்கு மேல் கையில் இருந்திருக்க வேண்டும். வாடகைக்கு விட்டதால் எதுவும் கெடவில்லை.

இனி வரி. 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய மனை, கட்டடத்துக்கு, இந்தியாவில் வசிக்கும் தனிநபர் இரண்டு விதமாகக் கணக்குப் போட்டு, எது குறைவோ அதைக் கட்டலாம்.

முதல் வழி: இண்டெக்சேஷன் (விலைவாசிக்கு ஏற்பப் பழைய செலவை உயர்த்திக் கணக்கிடுவது) இல்லாமல் 12.5%. தரகு போக 61,40,000. அதில் அடக்கம் 18,70,000 கழித்தால் லாபம் 42,70,000, வரி 5,33,750.

இரண்டாவது வழி: இண்டெக்சேஷனோடு 20%. 2025-26-க்கான பணவீக்கக் குறியீடு 376. ஒவ்வொரு செலவையும் 376-ஆல் பெருக்கி, அதைச் செய்த ஆண்டின் குறியீட்டால் தனித்தனியாக வகுக்க வேண்டும். எல்லாவற்றையும் மனை வாங்கிய வருஷத்தில் போட்டுக் குழப்புகிறவர்கள்தான் அதிகம். மனைக்கு 113, கீழ்வீட்டுக்கு 117, மாடிக்கு 200. அப்படிப் போட்டால் 8,98,407 + 28,92,308 + 13,16,000, ஆக 51,06,715. லாபம் 10,33,285, வரி 2,06,657. செஸ் 4% சேர்த்தால் 2,14,923.

ஒன்றைக் கவனியுங்கள். 20% கணக்கு வரியை மட்டும்தான் குறைக்கும். ரிட்டர்னில் லாபமாக நிற்பது 42.70 லட்சம். அதோடு பென்ஷன் சேர்ந்து 50 லட்சத்தைத் தாண்டினால் சர்சார்ஜ் என்ற கூடுதல் வரி வரும்.

பாலாற்றங்கரை:
2.15 லட்சம் வரிக்காகப் பணத்தை எங்கேயாவது முடக்கத்தான் வேண்டுமா என்று முதலில் யோசியுங்கள். விலக்குக்கு இன்னொரு வழியான 54இசி கடன் பத்திரத்தை (அரசு நிறுவனங்களான ஆர்இசி, பிஎஃப்சி, ஐஆர்எஃப்சி வெளியிடுவது) வீடு விற்ற ஆறு மாதத்துக்குள் வாங்க வேண்டும். உச்சவரம்பு 50 லட்சம். ஐந்து வருஷம் கைவைக்க முடியாது, வட்டி 5.25%, அந்த வட்டிக்கும் வரி உண்டு. 66 வயதில் நான் என்றால் வரியைக் கட்டிவிட்டு மீதிப் பணத்தைக் கையில் வைத்துக்கொள்ளத்தான் சொல்வேன். வீடு தேவைப்பட்டால் வாங்குங்கள், வரிக்காக வாங்காதீர்கள்.

சத்துவாச்சாரிக்காரர்:
நன்றி ஐயா. இரண்டு சிக்கல். மாடி கட்டிய பில் ஒன்றும் இல்லை. வாங்குகிறவர் பத்திரத்தில் 45 லட்சம் போட்டு, 17 லட்சத்தைக் கையில் தருகிறேன் என்கிறார்.

கணக்குப்பிள்ளை:
மாடிச் செலவை ஏற்க மறுத்தால் 20% கணக்கில் வரி 2,63,200 கூடும், செஸ் தனி. அதனால் ஆதாரம் தேடுங்கள்: திட்ட அனுமதி, மாடி வந்தபின் மாநகராட்சி மாற்றிப் போட்ட சொத்து வரி, அந்த மாதங்களில் வங்கியில் எடுத்த பணம், மேஸ்திரிக்குக் கொடுத்த காசோலை. இவற்றோடு அரசு அங்கீகாரம் பெற்ற மதிப்பீட்டாளரிடம் ஓர் அறிக்கையும் வாங்கிவிடுங்கள். வீடு கைமாறிய பிறகு அவரை உள்ளே விடுவார்களோ என்னவோ, பதிவுக்கு முன்னாலேயே அழைத்துப் போங்கள்.

அந்த 17 லட்சத்தைத் தொடாதீர்கள். சொத்து விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகை அளவுக்கே தண்டம் போட இடமிருக்கிறது. உங்களுக்கு மிச்சமாவது 2.15 லட்சம், ஆபத்து 17 லட்சம். முத்திரைத் தீர்வை, பதிவுக் கட்டணம் சேர்த்து 9% மிச்சம் பிடிக்கிறவர் அவர்தான். தவிர, வழிகாட்டி மதிப்பு பத்திரத் தொகையின் 110%-ஐத் தாண்டினால், அந்த மதிப்பையே விற்ற விலையாக எடுத்துக்கொள்வார்கள். பதிவுத்துறை இணையதளத்தில் உங்கள் தெருவின் மதிப்பைப் பார்த்து, கட்டட மதிப்பையும் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள்.

விலை 50 லட்சத்துக்கு மேல் என்பதால் அவர் 1%, அதாவது 62,000 டிடிஎஸ் (உங்கள் கணக்கில் முன்கூட்டியே கட்டும் வரி) பிடித்து, பிடித்த மாதம் முடிந்து 30 நாளுக்குள் 26கியூபி படிவத்தில் கட்ட வேண்டும். உங்கள் பான் ஆதாரோடு இணையாமல் செயலிழந்து கிடந்தால் 20% பிடிக்க வேண்டிவரும். பதிவுக்கு முன் சரிபார்த்துவிடுங்கள்.

ஆற்காட்டு மனை:
காட்பாடி மனை பற்றி யாரும் சொல்லவில்லை. வெறும் மனைக்கு 54-இல் விலக்கு கிடையாது. மனை வாங்கி, விற்ற தேதியிலிருந்து மூன்று வருஷத்துக்குள் வீடு கட்டினால் மனை விலையும் சேர்ந்து கணக்காகும். கட்டிய வீடு என்றால் விற்பதற்கு ஒரு வருஷம் முன், அல்லது பின் இரண்டு வருஷத்துக்குள் வாங்க வேண்டும். உங்கள் பெயரிலேயே வாங்குங்கள், மகன் பெயரில் போட்டால் வழக்குக்கு இடம் கொடுத்ததாகும். வெளிநாட்டு வீடு செல்லாது. புது வீட்டை மூன்று வருஷத்துக்குள் விற்றால் வாங்கிய விலக்கு திரும்பிப் போகும்.

2026 ஜூலை 31-க்குள் செலவாகாத தொகையை வங்கியில் மூலதன ஆதாயக் கணக்குத் திட்டத்தில் போட வேண்டும். சாதாரண எஃப்டி போட்டு "வீட்டுக்காக வைத்திருக்கிறேன்" என்றால் ஏற்க மாட்டார்கள். கிராமக் கிளைகளில் இந்தக் கணக்கு திறக்க முடியாது, வேலூர் நகரக் கிளைக்குப் போங்கள். ரிட்டர்ன் ஐடிஆர்-2.

பத்திரத்தில் மகன் பெயரும் இருக்கிறதா? இருந்தால் அவர் பங்குக்கு 20% வழி இல்லை, 12.5% மட்டும்தான். வாங்குகிறவர் அவர் பங்குக்கு 1% பிடித்தால் போதாது. வெளிநாட்டில் வசிப்பவருக்கான விகிதத்தில், டான் எண் (வரி பிடிப்பவருக்கான எண்) வாங்கிப் பிடிக்க வேண்டும். குறைத்துப் பிடிக்க மகன் படிவம் 13-இல் இப்போதே விண்ணப்பிக்கட்டும், சான்றிதழ் வர நாளாகும். பதிவு ஏப்ரலுக்குத் தள்ளிப்போனால் 2025-இன் புதிய வருமான வரிச் சட்டம் வந்துவிடும், பிரிவு எண்கள் எல்லாம் மாறும்.