நோஸ் கோன் மோல்டை விட்டு வர மாட்டேன் என்கிறது

திருவொற்றியூர் பையன்:
வணக்கம். கல்லூரி ரேஸ் காருக்கு நோஸ் கோன் (காரின் மூக்குப் பகுதி) போடுகிறோம். மோல்டு (அச்சு) கண்ணாடி இழை, அதன் உள்முகத்தில் பாலியஸ்டர் ஜெல்கோட் என்கிற வழவழப்பான பூச்சு, மாமா ஷெட்டில் போட்டு நாலு நாள்தான் ஆகிறது. கார் பாலிஷ் இரண்டு கோட் தேய்த்து, கார்பன் துணி மூன்று லேயர், எபாக்சி ரெசின், வேக்யூமில் அழுத்தம். முனைப் பக்கம் ஒரு சாண் அளவுக்குப் பிடித்துக்கொண்டது. கத்தியை விட்டு நெம்பினால் மோல்டின் ஜெல்கோட்தான் பெயர்ந்து வருகிறது. அடுத்த முறை டெஃப்லான் ஸ்ப்ரே அடித்தால் போதுமா?

காசிமேடு ஃபைபர்:
தம்பி, முதலில் கத்தியைக் கீழே வை. நான் படகு போடுகிறவன், கார் தெரியாது. ஆனால் ஒட்டிக்கொண்ட மோல்டு நிறைய பார்த்திருக்கிறேன். நாலு நாள் மோல்டு பச்சை மோல்டு, இன்னும் முழுசாக இறுகியிருக்காது. மூக்கை வைத்துப் பார், பாலியஸ்டரில் இருக்கிற ஸ்டைரீன் வாடை இன்னும் அடிக்கும். இரண்டு மூன்று வாரமாவது காயட்டும். கார் பாலிஷில் தேய்ப்புப் பொடி இருக்கும். இரண்டாவது கோட் போடும்போது முதல் கோட்டையே அது அரித்துவிடும். மோல்டுக்கென்று விற்கிற கார்னாபா வேக்ஸ் வாங்கு. உள்ளங்கை அகலத்துக்கு மெல்லிசாகத் தேய்த்து, மங்கியதும் துடைத்து, ஒரு மணி நேரம் விடு. புது மோல்டுக்கு ஆறு கோட். அதற்கு மேல் பி.வி.ஏ. ஸ்ப்ரே, காய்ந்தால் மெல்லிய படலமாகி ஒட்டவிடாது. வெயில் ஏறின பிறகு அடி. ஒரு ஐப்பசி மழையில் அவசரப்பட்டு, பி.வி.ஏ. காயாமலேயே ஜெல்கோட் போட்டேன். ஒரு பக்கம் முழுக்க முதலைத் தோல் மாதிரி சுருங்கிவிட்டது. அதை இழைத்து முடிக்க எட்டு நாள்!

மணலி கார்பன்:
அண்ணன் சொன்னதில் வேக்ஸ் சரி. பி.வி.ஏ. படலம் மட்டும் பளபளப்பைக் கொஞ்சம் கெடுக்கும், வழிந்தால் அதன் தடம் பார்ட்டில் விழும். கார்பன் நெசவு வெளியே தெரிய வேண்டுமானால் செமி பெர்மனென்ட் ரிலீஸ், அதாவது மோல்டிலேயே தங்கிவிடுகிற ஒட்டாப் பூச்சுதான் என் கட்சி. இரும்பு தோசைக்கல்லைப் பழக்குவது போலத்தான். ஒருமுறை மேற்பரப்பில் இறுகிவிட்டால் பல பார்ட் எடுக்கலாம். ஆனால் பழைய வேக்ஸ் மேல் போட்டால் பிடிக்காது. காற்றின் ஈரத்தில் இறுகுகிற ரகம் என்றால், நம் ஊர்க் காற்றில் டப்பாவை உடனே மூடிவிட வேண்டும்.

டெஃப்லான் உருகுவதே 327 டிகிரியில். தவாவில் அதை அதற்கும் மேலான சூட்டில் சுட்டுப் படிய வைக்கிறார்கள். உன் மோல்டு அதைத் தாங்காது. ஸ்ப்ரே டப்பாவில் வருவது வெறும் தூள் படலம், தேய்ந்து போகும். சிலிகான் ஸ்ப்ரே பக்கமே போகாதே, பெயின்ட் அடிக்கும்போது மீன் கண் மாதிரி குழி குழியாகும்.

இப்போது ஒட்டியிருப்பதற்கு: பிளாஸ்டிக் ஆப்பு, கம்ப்ரசர் காற்று, மோல்டின் வெளிப்பக்கம் வெந்நீர். சூட்டில் மோல்டின் கண்ணாடி இழை விரியும், பார்ட்டின் கார்பன் கிட்டத்தட்ட அசையாது, அந்த வித்தியாசத்தில் கழன்று வரும்.

திருவொற்றியூர் பையன்:
வெந்நீர் ஊற்றி எடுத்தாயிற்று, பார்ட் குப்பைக்குத்தான். பெயர்ந்த ஜெல்கோட்டை ஒட்டுப்போட்டு, மோல்டை மூன்று வாரம் மொட்டை மாடியில் காயவிட்டு, ஆறு கோட் வேக்ஸ். வேக்ஸ் எல்லா இடத்திலும் பட்டதா என்று மாஸ்கிங் டேப் ஒட்டி இழுத்துப் பார்த்தேன். முனைக்குள் ஒரு ரூபாய்க் காசு அளவு இடத்தில் மட்டும் இறுகப் பிடித்தது. விரல் நுழையாத மூலை. பென்சிலில் துணி சுற்றி அங்கே வேக்ஸ் தேய்த்தேன். அப்புறம் பி.வி.ஏ. நேற்று காற்றை ஊதியதும் 'டொப்' என்று கழன்றது! மணலி அண்ணன் சொன்ன மாதிரியே வழிந்த கோடு ஒன்று விழுந்திருக்கிறது, 800 நம்பர் வாட்டர் பேப்பரோடு உட்கார்ந்திருக்கிறேன்.