தலையை மூடினால் கங்கு அணைகிறது: சிங்கத் தூபக்கால் செய்பவர்கள் உதவுங்கள்

வணக்கம். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் சிங்க வடிவில் ஒரு வெண்கலத் தூபக்கால் இருக்கிறது, ஈரானில் தாய்பாத் பகுதியைச் சேர்ந்தது, ஹிஜ்ரி 577, அதாவது 1181-82. ஜாபர் இப்னு முகம்மது இப்னு அலி என்ற கைவினைஞர் ஓர் அமீருக்காகச் செய்தது, இருவர் பெயரும் அதன் மேலேயே பொறித்திருக்கிறது. உயரம் சுமார் 85 செ.மீ. தலையைக் கழற்றி உள்ளே கங்கும் வாசனைப் பொருளும் வைப்பார்கள், உடம்பிலும் கழுத்திலும் உள்ள கொடிவேலைத் துளைகள் வழியே புகை வரும்.

அதைப் பார்த்து ஆசைப்பட்டு அரை அளவில் சுடுமண்ணில் செய்தேன். மூன்று வாரமாக ஒரே பிரச்சினை. தலை திறந்திருந்தால் கங்கு நன்றாக எரிகிறது, மூடினால் பத்து நிமிடத்தில் கருத்துப்போகிறது. துளைகளில் புகையே இல்லை, கழுத்து மூட்டில் மட்டும் நூல் மாதிரி கசிகிறது, அந்த விளிம்பின் உள்பக்கம் பிசுபிசுவென்று கறுப்பாகப் படிகிறது.

முதலில் சிரட்டைக்கரி, அப்புறம் கடையில் விற்கும் கரிவில்லை, இரண்டிலும் இதே கதை. உள்ளே மணல் பரப்பிப் பார்த்தேன். விலாப்பக்கத் துளைகளை அரம் வைத்துக் கொஞ்சம் பெரிதாக்கினேன், ஒரு கொடி உடைந்ததுதான் மிச்சம், மனசு கேட்கவில்லை. சாம்பிராணியைக் குறைத்தும் பயனில்லை. கங்கு இப்போது வயிற்றின் அடியில், கீழ்வரிசைத் துளைகளுக்கு இரண்டு விரல் கீழே இருக்கிறது.

அடிவயிற்றில் காற்று நுழையத் தனியாகத் துளை போட வேண்டுமா, இல்லை கங்கைக் கீழ்வரிசைத் துளைகளுக்கு மேலே தூக்கி வைத்தாலே போதுமா?