தென்னந்தோப்புக்குச் சூரிய விளக்கு: பேட்டரி உள்ளேயா, தனியாகவா?

தோப்புக்காரன்:
பொள்ளாச்சிக்கு அருகே எங்கள் தென்னந்தோப்பில், பம்புசெட் அறையிலிருந்து வீடு வரை செல்லும் பாதைக்குச் சூரிய விளக்குகள் போட எண்ணியுள்ளேன். பேனல், லித்தியம் பேட்டரி, எல்இடி மூன்றும் ஒரே பெட்டிக்குள் அடங்கிய விளக்கையே கடைக்காரர் காட்டுகிறார். விலையும் குறைவு, ஒயரிங் வேலையும் இல்லை. பேட்டரி தனியாக உள்ள வகைக்குக் கூடுதலாகச் செலவழிப்பது தகுமா? 20 வாட் விளக்கு இரவு முழுவதும் எரிய வேண்டும்.

மின்பணி:
ஐயா, தனிப் பேட்டரியே நல்லது. கோடை வெயிலில் பேனல் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சூடாகும். அதன் முதுகை ஒட்டியே பேட்டரியும் இருந்தால், 25 ஆண்டு உழைக்கக்கூடிய பேனலுக்குக் கீழே சில ஆண்டுகளிலேயே பேட்டரி வலுவிழந்துவிடும். பழுதென்று வந்த ஒரு பெட்டியைத் திறந்தபோது, பேனல் முழு வோல்டேஜ் காட்டியது. செல்களின் நீல உறை வெடித்து, முனைகளில் துரு ஏறியிருந்தது.

இதைவிடப் பலரும் கவனிக்காதது திசை. ஒரே பெட்டியாக இருந்தால் விளக்கு பாதையைப் பார்க்க வேண்டும் என்பதற்காகப் பேனலும் அதே பக்கம் திரும்பிவிடும். தனியாக இருந்தால்தான், தென்னை நிழல் விழாத இடத்தில் தெற்கு நோக்கி 10 முதல் 15 டிகிரி சாய்த்து மாட்ட முடியும்.

கணக்குப்பிள்ளை:
20 வாட் விளக்கு 12 மணி நேரம் எரிந்தால் 240 வாட்-மணி. உங்கள் பக்கம் தென்மேற்குப் பருவத்தில் வானம் மூடியே கிடக்கும் என்பதால், இரண்டு இரவுக்கான இருப்பு வேண்டும். பேட்டரியின் 80 சதவீதத்தை மட்டும் பயன்படுத்துவதாகக் கொண்டால் 12.8 வோல்ட், 50 ஆம்பியர்-மணி (அதாவது 640 வாட்-மணி) லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியும் 100 வாட் பேனலும் போதும். இரவு 11 மணிக்கு மேல் வெளிச்சம் பாதியாகும்படி அமைத்தால், அதே பேட்டரி மூன்று இரவுக்கு வரும்.

ஊர்க்குருவி:
தனிப் பேட்டரி என்று கைக்கெட்டும் உயரத்தில் பெட்டியை மாட்டினால் திருட்டுப் போகும். கம்பத்தில் பத்தடிக்கு மேல், பேனலின் நிழல் விழும் பக்கமாக மாட்டுங்கள். மாட்டுக் கொட்டகைக்குச் சிறு விளக்கு என்றால் ஒரே பெட்டி வகையே போதும். அதற்கு இத்தனை செலவு வீண்.

தோப்புக்காரன்:
மிக்க நன்றி. பேனலிலிருந்து பேட்டரிக்கு ஏறும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் சார்ஜ் கன்ட்ரோலர், பழையது ஒன்று வீட்டில் இருக்கிறது. அதையே பயன்படுத்தலாமா?

மின்பணி:
அதில் லித்தியத்துக்கான அமைப்பு இருந்தால் மட்டும் பயன்படுத்தலாம். நான்கு செல் கொண்ட இந்தப் பேட்டரி 14.6 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. ஈய-அமில பேட்டரிக்கான கன்ட்ரோலர்களில் சில, ஈக்வலைசேஷன் (செல்களைச் சமப்படுத்த அவ்வப்போது கூடுதல் வோல்டேஜில் ஏற்றுவது) நேரத்தில் அதற்கு மேலும் ஏற்றும். முதலில் பேட்டரியை இணைத்து, அதன் பிறகே பேனல் ஒயரை மாட்டுங்கள்.