மோயாமோயா: மூன்று மாதமா, ஆறு மாதமா?

தக்கலை தாணு: மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனிகள் சுருங்கிப்போகும் மோயாமோயா நோயைப் பற்றி நேற்று விளவங்கோடு வேலு ஒரு முத்து உதிர்த்திருந்தார்: "மோயாமோயாவுக்கு ஆஸ்பிரின் போதும், மண்டையைத் திறப்பதெல்லாம் திருவனந்தபுரத்து ஆஸ்பத்திரி வியாபாரம்." ஐயா, ஆஸ்பிரின் ரத்தம் உறையாமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான். கழுத்து வழியே வரும் கரோடிட் தமனி மூளைக்குள் முடிகிற இடத்தில் சுருங்கிக்கொண்டே போவதை அது நிறுத்தாது. நேரடி பைபாஸ்தான் வழி. நெற்றிப்பொட்டுப் பக்கத்துத் தோல் தமனியை மூளைத் தமனியோடு தைத்தால் அன்றைக்கே ரத்தம் பாயும். மறைமுக முறையில் தமனியை மூளைமேல் படுக்கவைத்துவிட்டு, அதிலிருந்து புது நாளங்கள் முளைக்க ஆறு மாதம் காத்திருக்கணும்.

கோட்டாறு குமரி: அந்த ஆறு மாதம் எங்கிருந்து வந்தது அண்ணாச்சி? அக்கா மகளுக்கு எட்டு வயதில் மறைமுக முறைதான் செய்தார்கள். முன்பெல்லாம் அழுதாலே கை மரத்துப்போகும். மூச்சு வேகமாக வாங்கினால் மூளை நாளங்கள் சுருங்குமாம். மூன்றாம் மாதமே அது குறைந்தது. குழந்தைகளின் தமனி நூல்போல இருக்கும், தைப்பது கஷ்டம். ஆனால் புது நாளங்கள் அவர்களுக்கு நன்றாக முளைக்கும்.

தக்கலை தாணு: ஆறு மாதம். 2014-இல் ஜப்பானில் 80 பேரை வைத்துச் செய்த ஆய்வு வந்தது. நேரடி பைபாஸ் செய்தவர்களுக்கு மறுபடி ரத்தக்கசிவு குறைவு. வாசித்துவிட்டு வாருங்கள்.

கோட்டாறு குமரி: வாசித்தாச்சு. 80 பேரும் பெரியவர்கள், ஏற்கெனவே மூளையில் ரத்தம் கசிந்தவர்கள். வித்தியாசமும் மயிரிழைதான். எங்கள் குழந்தைக்குக் கசிவே இல்லை. மூன்று மாதம்!

விளவங்கோடு வேலு: ரெண்டு பேரும் கத்தியிலேயே நில்லுங்கள். எங்கள் ஊர் ஆசான் வர்மத்தில் பார்க்காத தலைநோயா?

குளச்சல் அலை: சுருங்கின தமனியை ஆசான் தடவி விரிப்பாரோ? போன வருஷம் உம்ம பேச்சைக் கேட்டு வாங்கின எண்ணெய் இன்னும் அலமாரியில் இருக்கு. காசை எப்போ தருவீர்?

விளவங்கோடு வேலு: எண்ணெய்க் கணக்கை இங்கே பேசாதே. திருவனந்தபுரம் என்றதும் எல்லாரும் வாய்பிளப்பதைத்தான் சொன்னேன்.

தக்கலை தாணு: 1956 வரை நாமும் திருவிதாங்கூர்-கொச்சிதான் ஓய். நாகர்கோவிலிலிருந்து பஸ் ஏறினால் ரெண்டு மணி நேரத்துச் சொச்சம். நல்ல வைத்தியம் பக்கத்தில் இருப்பது உமக்கு ஏன் எரிகிறது?

விளவங்கோடு வேலு: குமரியைத் தமிழ்நாட்டோடு சேர்க்க நடந்த எல்லைப் போராட்டத்தில் செத்தவர்களை மறந்துவிட்டு பஸ் நேரம் சொல்கிறார் பாருங்கள்!

குளச்சல் அலை: மோயாமோயாவில் ஆரம்பித்து, அந்தப் போராட்டத்தை நடத்திய மார்ஷல் நேசமணிக்கு வந்தாச்சு.

கோட்டாறு குமரி: தாணு அண்ணாச்சி, நேரடி பைபாஸ் முடிந்ததும் திடீரென ரத்தம் அதிகமாகப் பாய்ந்து வலிப்போ கசிவோ வரலாம் என்பதை ஏன் எழுதவில்லை? பெரியவர்களுக்கு இரண்டு முறையையும் சேர்த்தும் செய்கிறார்கள் என்பதையும் எழுதவில்லை.

தக்கலை தாணு: எழுதுவதற்குள் நீங்கள் மூன்று மாதம், மூன்று மாதம் என்று குறுக்கே வந்தால்? ரத்த நாளங்களைக் காட்டும் ஆஞ்சியோ படம் எடுத்துப் பார்த்தீர்களா? கை மரத்தது நின்றதை வைத்து நாளம் முளைத்ததென்று சொல்வதா? ஆறு மாதம். போன தடவை டெங்கு விவாதத்திலும் நீங்கள் இப்படித்தான்.

கோட்டாறு குமரி: டெங்குவில் நான் சொன்னதுதான் சரி.

குளச்சல் அலை: வேலு, எண்ணெய்க்காசு?