மே மாதம் மணாலி வழியாக காசா: வண்டி தாங்குமா? அவசரம்

கோவை_கியர்5
வணக்கம் நண்பர்களே. குடும்பத்தோடு நம்ம வண்டியிலேயே இமாச்சலில் இருக்கிற ஸ்பிட்டி பள்ளத்தாக்குக்குப் போகிறோம். மே முதல் வாரம் கிளம்பணும், லீவும் சொல்லியாச்சு. மணாலி போய், குன்சும் கணவாய் ஏறி, ஸ்பிட்டியின் முக்கிய ஊரான காசா. அப்படியே சிம்லா பக்கமாக இறங்கி வருவதாக பிளான். வழியெல்லாம் கல்லும் தண்ணீருமாக இருக்கும் என்கிறார்கள். வண்டி தாங்குமா? டயர் மாற்றணுமா? வால்பாறை, கொல்லிமலை எல்லாம் ஓட்டிய கைதான், மலை எனக்குப் புதுசு இல்லை. நாளைக்கு மெக்கானிக் வரச் சொல்லியிருக்கிறார், அதற்குள் சொன்னால் நல்லது.

டீசல்_தம்பி
என்ன வண்டி அண்ணா? அதைச் சொல்லவே இல்லையே.

வீல்நட்டு
எத்தனை பேர்? குழந்தைகள், வயசானவங்க உண்டா? மொத்தம் எத்தனை நாள் கையில் இருக்கிறது? இது மூன்றும் தெரியாமல் யாராலும் ஒன்றும் சொல்ல முடியாது.

மண்ரோடு_மைனர்
ஃபோர் பை ஃபோர், அதாவது நாலு சக்கரத்துக்கும் என்ஜின் சக்தி போகிற வண்டி என்றால் போங்க, இல்லையென்றால் வேண்டாம். மணாலியிலிருந்து குன்சும் போகிற வழியில் சத்ரு, படால் என்ற இரண்டு இடத்துக்கும் நடுவில் ரோடு என்று ஒன்று கிடையாது, ஆற்றுப் படுகைக் கல்லுமேல்தான் ஓட்டணும். தார், ஜிம்னி மாதிரி வண்டிக்கு உண்டான இடம்.

டயர்கடை_பையன்
எந்த வண்டியாக இருந்தாலும் முதலில் டயர். கம்பெனி டயரைக் கழற்றிவிட்டு கல்லு, மண் ரோட்டுக்கும் தாங்குகிற ஆல் டெர்ரைன் டயர் போடுங்க. அங்கே பஞ்சர் பிரச்சினை இல்லை. கூர்க்கல் டயரின் பக்கச் சுவரைக் கிழித்துவிடும். அதை டியூப்லெஸ் கிட் வைத்து ஒட்ட முடியாது. ஸ்டெப்னி முழு அளவு டயராக இருக்கணும், ஒல்லி ஸ்டெப்னியை நம்பி இறங்காதீங்க.

பழையபுலி
தம்பி, இதே கேள்விக்கு இங்கே எத்தனையோ இழை கிடக்கிறது. தேடும் பெட்டி மேலேயே இருக்கிறது, இலவசம்தான். மே முதல் வாரத்தில் குன்சும் கணவாய் திறந்தே இருக்காது. 4,500 மீட்டருக்கு மேல் பனி. எல்லைச் சாலை அமைப்பு பனியை வெட்டி வழிவிட பெரும்பாலும் மே கடைசி, சில வருஷம் ஜூன் நடு ஆகிவிடும். லீவு சொல்லுமுன் பார்த்திருக்க வேண்டிய விஷயம். அப்புறம், வால்பாறையில் 40 கொண்டை ஊசி வளைவு, கொல்லிமலையில் 70. இரண்டும் தார் ரோடு, வளைவுக்கு நம்பர் எழுதி வைத்திருப்பார்கள். படால் பக்கம் எண்ணுவதற்கு ரோடே இருக்காது.

டீசல்_தம்பி
புலி அண்ணா சொல்வது சரிதான், ஆனால் கொஞ்சம் சாந்தமாகச் சொல்லலாம். மணாலி வழி மூடியிருந்தால் என்ன, சிம்லா, ராம்பூர், கல்பா, நாகோ, தாபோ, காசா வழி அநேகமாக வருஷம் முழுக்கத் திறந்திருக்கும். போன வழியிலேயே திரும்பணும், அவ்வளவுதான்.

ஏழைக்கேற்ற_எஸ்யூவி
மைனர் அண்ணாவுக்கு ஒரு கேள்வி. மணாலியிலிருந்து காசாவுக்குக் கோடையில் இமாச்சல் அரசு பஸ் போகிறதே, அது என்ன ஃபோர் பை ஃபோரா? பின் சக்கரம் மட்டும் சுற்றுகிற பஸ்தான். டிரைவருக்கு எந்தக் கல்லில் சக்கரத்தை வைக்கணும் என்று தெரியும், அதுதான் வித்தியாசம்.

மண்ரோடு_மைனர்
பஸ்ஸின் சக்கரம் எவ்வளவு உயரம், உங்கள் வண்டிச் சக்கரம் எவ்வளவு உயரம்? ரோட்டுக்குக் குறுக்கே ஓடுகிற ஓடையை அங்கே நாலா என்பார்கள், பஸ் அதில் இறங்கினால் தண்ணீர் அடிப்பகுதியைக்கூடத் தொடாது. கார் இறங்கினால் பம்பருக்கு வரும், வேகமாக விட்டால் ஏர் ஃபில்டர் வழியாக என்ஜினுக்குள்ளேயே போகும். ஒப்பிடுவதற்கும் ஒரு அளவு வேண்டாமா.

ஏழைக்கேற்ற_எஸ்யூவி
அதனால்தான் நாலாவை விடிகாலையில் தாண்டச் சொல்கிறார்கள். ராத்திரி பனி உருகாது, காலையில் ஓடை சுண்டிப் போயிருக்கும். மதியம் வெயில் ஏறினால் அதே ஓடை இரண்டு மடங்காக இறங்கும். நேரம் பார்த்துப் போகிறவனுக்கு நாலு சக்கர டிரைவ் தேவைப்படாது.

வீல்நட்டு
கணவாயே திறக்கவில்லை, நீங்கள் நாலாவுக்குச் சண்டை போடுகிறீர்கள். கேள்வி கேட்டவர் எங்கே?

கோவை_கியர்5
மன்னிக்கவும், ஆபீஸ். வண்டி எர்டிகா டீசல், 2014. நான், மனைவி, பையனுக்கு 4 வயது, அப்பா, அம்மா. அம்மாவுக்கு பி.பி. உண்டு, மாத்திரையில் கட்டுக்குள் இருக்கிறது. லீவு இரண்டு வாரம். மெக்கானிக் டயர் போதும் என்கிறார்.

பழையபுலி
2014 டீசல்! இதை முதலிலேயே சொல்ல வேண்டாமா? 10 வருஷம் தாண்டிய டீசல் வண்டி டெல்லி வட்டாரத்தில் ஓடக்கூடாது என்று 2015-ல் பசுமைத் தீர்ப்பாயம் சொன்னது, 2018-ல் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. 2025-ல் மறுபடி உத்தரவு மேல் உத்தரவு வந்து நிலவரம் மாறிக்கொண்டே இருந்தது. கிளம்புகிற வாரத்தில் என்ன நிலை என்று பார்த்துக்கொண்டு கிளம்புங்கள். நீங்கள் எல்லோரும் டயரையே பேசிக்கொண்டிருந்தீர்கள்.

டீசல்_தம்பி
டெல்லிக்குள் நுழையாமல், தெற்கே பல்வல் பக்கம் திரும்பி, சுற்றிப் போய் வடக்கே குண்ட்லியில் ஏறிவிடலாமே?

பழையபுலி
பல்வலும் குண்ட்லியும் எங்கே இருக்கிறது? இரண்டும் தலைநகர வட்டாரத்துக்குள்தான். நகரத்துக் கேமரா தப்பும், சட்டம் தப்பாது.

வீல்நட்டு
சரி, வண்டிக்கு வருவோம். எர்டிகா தரை இடைவெளி 185 மி.மீ., அது காலி வண்டிக்கு. ஐந்து பேர், மூட்டை எல்லாம் ஏற்றினால் பின்பக்கம் அமுங்கிவிடும். கூரையில் கேரியர் போட்டுப் பாரம் ஏற்றாதீர்கள், பக்கவாட்டுச் சரிவில் வண்டி ஆடும். ஆனால் டர்போ டீசல் என்பதால் உயரத்தில் மூச்சு முட்டாது. டர்போ இல்லாத பெட்ரோல் வண்டி ஒவ்வொரு ஆயிரம் மீட்டருக்கும் ஏறத்தாழ பத்து சதவீத சக்தியை இழக்கும். உங்களுக்குக் கிளட்ச்தான் கவலை. ஏற்றத்தில் கல்லுமேல் பாதிக் கிளட்சில் நிறுத்தி நிறுத்தி ஏறினால் கருகிய வாடை வரும். வந்தால் ஓரங்கட்டி ஆற விடுங்கள், கௌரவம் பார்க்காதீர்கள். இறக்கத்தில் இரண்டாம் கியர். பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் அடியில் பிரேக் இருக்காது.

டயர்கடை_பையன்
இன்னொன்று. மேலே போகப் போக கேஜில் காற்று கூடுதலாகக் காட்டும். வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் வருவது அது. கோவையில் 33 வைத்தால் காசா உயரத்தில் ஏறத்தாழ 5 பி.எஸ்.ஐ. கூடத் தெரியும். பயந்து இறக்கிவிடாதீர்கள். விடிகாலைக் குளிரில் காற்று சுருங்கி அந்தக் கணக்கு பெரும்பாலும் ஈடாகிவிடும். காலையில் வண்டி எடுக்குமுன் அளந்து, அதை வைத்து முடிவெடுங்கள்.

கற்பூரம்_மணக்கும்
எல்லோரும் வண்டியையே பார்க்கிறீர்கள், மூச்சைப் பாருங்கள். பச்சைக் கற்பூரம் ஒரு துணியில் முடிந்து கழுத்தில் மாட்டிக்கொள்ளுங்கள், அப்பப்போ முகர்ந்தால் போதும். கைலாஷ் போன எங்கள் பெரியப்பா குழு முழுக்க இதுதான். ஒருத்தருக்கும் தலைவலி இல்லை.

டீசல்_தம்பி
கற்பூரம் மூக்கடைப்பைத் திறந்த மாதிரி ஒரு உணர்வு தரும், அவ்வளவுதான். ரத்தத்தில் ஆக்சிஜனைக் கூட்டாது. 4 வயதுப் பையன் இருக்கிறான் என்று படித்தீர்களா? சின்னக் குழந்தை கற்பூரத்தை வாயில் போட்டால் வலிப்பு வரும்.

கற்பூரம்_மணக்கும்
முகரச் சொன்னால் தின்னச் சொன்னேன் என்கிறீர்கள். பாட்டி வைத்தியம் என்றாலே இங்கே சிலருக்கு எரிச்சல்.

மண்ரோடு_மைனர்
கற்பூரம் நானும் வைத்துப் போயிருக்கிறேன். பலன் தெரியாது, சாமி கும்பிட உபயோகமானது.

வீல்நட்டு
கற்பூரச் சண்டையை வேறு இழையில் வையுங்கள். கோவை அண்ணா, உயரம்தான் உங்கள் வீட்டாருக்கு முக்கியம். மணாலி 2,050 மீட்டர். அங்கிருந்து ஒரே பகலில் 4,500 தாண்டி, இரவு 3,600-க்கு மேல் தூங்குவது நல்ல உடம்பையே படுத்தும். சிம்லா 2,200, கல்பா 2,960, தாபோ 3,280 என்று படிப்படியாக ஏறினால் உடம்பு பழகும். 3,000 தாண்டினால் தூங்குகிற உயரத்தை நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது. உயரத்தால் வரும் உபாதைக்குக் கொடுக்கிற டயமாக்ஸ் மாத்திரை அம்மாவுக்கு ஒத்துவருமா என்று அவர்களுடைய டாக்டரிடம் கேளுங்கள், எங்களிடம் இல்லை. தலைவலியோடு வாந்தி, நடை தள்ளாட்டம் வந்தால் எவ்வளவு ஆசையாக வந்திருந்தாலும் கீழே இறங்கிவிடணும்.

இனி நாள் கணக்கு. கோவையிலிருந்து சண்டிகருக்கு 2,700 கி.மீ. பக்கம். மே மாதம் நாக்பூர் வெயிலில், குழந்தையோடு, போக நாலு நாள், வர நாலு நாள். மிச்சம் ஆறு. அதில் காசாவுக்குப் போய்த் திரும்பினால் ஒரு நாள்கூட உட்கார முடியாது, வண்டியிலேயே லீவு முடியும். நான் என்றால் கல்பா, சாங்லா, சித்குல்லோடு நிறுத்துவேன். அல்லது சண்டிகருக்கு விமானம், அங்கே டிரைவரோடு வண்டி. டெல்லித் தொல்லையும் போச்சு.

மண்ரோடு_மைனர்
வண்டி ஓட்டிப் போவதுதானே ஆசை, அதில் டிரைவர் எதற்கு.

ஏழைக்கேற்ற_எஸ்யூவி
சிம்லா வழியில் போனால், கல்பா பக்கத்தில் ரிகாங் பியோவுக்குக் கீழே பொவாரி பெட்ரோல் பங்கில் டேங்கை நிரப்பிக்கொள்ளுங்கள். அடுத்து நம்புகிற மாதிரி காசாதான், 200 கி.மீ. பக்கம். அப்புறம், போஸ்ட்பெய்டு சிம் கட்டாயம் எடுத்துக்கொள்ளுங்கள், ப்ரீபெய்டு வேலை செய்யாது.

பழையபுலி
அது லடாக், காஷ்மீர். இமாச்சலில் ப்ரீபெய்டு வேலை செய்யும். காதில் விழுந்ததை எல்லாம் எழுதாதீர்கள்.

ஏழைக்கேற்ற_எஸ்யூவி
ஐயா, பங்க் கணக்கு சரியா தப்பா, அதைச் சொல்லுங்கள்.

பழையபுலி
பங்க் சரி. சிம் தப்பு. மலைரோட்டில் ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் உரிமை என்பதையும் யாரும் சொல்லவில்லை. எதிரே வண்டி வந்தால் இறங்குகிறவர்தான் அகலமான இடம் பார்த்து ஒதுங்கணும்.

கோவை_கியர்5
எல்லோருக்கும் நன்றி. மெக்கானிக்கிடம் கிளட்சும் பிரேக்கும் பார்க்கச் சொல்லிவிட்டேன். வீட்டில் பேசிவிட்டுச் சொல்கிறேன்.

வீல்நட்டு
எந்த வழி, எந்த வண்டி என்று முடிவானால் இங்கேயே எழுதுங்கள் அண்ணா.

கற்பூரம்_மணக்கும்
நான் ஒரு டாக்டரிடமே கேட்டேன், கற்பூரம் தப்பில்லை என்றார்.

டீசல்_தம்பி
தப்பில்லை என்பதும் பலன் உண்டு என்பதும் ஒன்றா?

கோவை_கியர்5 (ஜூன்)
போய் வந்தாச்சு. சண்டிகர் வரை விமானம், அங்கே டிரைவரோடு வண்டி. தாபோ வரை போனோம். அம்மாவும் அப்பாவும் கல்பாவிலேயே தங்கிவிட்டார்கள், ஆப்பிள் தோட்டத்துக்குப் பக்கத்து ரூம், அவர்களுக்கு அதுவே பிடித்துப் போய்விட்டது. பையனுக்கு ஒன்றும் ஆகவில்லை, எனக்குத்தான் நாகோவில் தலைவலி. போட்டோ அப்புறம் போடுகிறேன்.

டீசல்_தம்பி
நல்லது அண்ணா. நாகோ தாண்டி மலிங் நாலாவில் சரிவு எப்படி இருந்தது? அடுத்த வாரம் நாங்கள் கிளம்புகிறோம்.

டீசல்_தம்பி
அண்ணா?

மண்ரோடு_மைனர்
எந்த வண்டி தம்பி?